பேராச்சியின் தொடக்க எண்

இசக்கிராஜ் எழுதிய நிரல் மொத்தமே நூற்றுப் பத்து வரி. அத்தனை சின்ன நிரலை நம்பி ஓர் ஊரே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் உப்பாற்றுத்துறையில் இரண்டாயிரத்து அறுபத்திரண்டாம் ஆண்டு நிலைமை அதுதான். அக்னி நட்சத்திரம் என்று சித்திரை, வைகாசியில் இருபத்தைந்து நாளை மட்டும் திட்டித் தீர்த்த காலமெல்லாம் மலையேறிவிட்டது. இப்போது மாசியில் பிடிக்கிற வெக்கை ஆவணி வரைக்கும் விடுவதில்லை. காலை எட்டு மணிக்கே ஈரமும் சூடும் கூட்டுச் சேர்ந்துகொண்டு வேர்வையைக் காயவிடாது. வேர்வை காயாவிட்டால் உடம்பு உள்ளுக்குள்ளேயே வெந்துபோகும். போன பத்து வருடத்தில் அப்படி வெந்து போனவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் அதிகாரிகளுக்குக் கோபம் வரும்.

அதனால் வெப்பக் காப்பு அலுவலகம் என்று ஒன்று வந்தது. ஊரில் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை. அது உடம்புச் சூட்டையும் நாடித் துடிப்பையும் அனுப்பும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இசக்கிராஜின் நிரல் ஊர்ப் பட்டியலை வீட்டு வரிசைப்படி மேலிருந்து கீழே படித்துக்கொண்டு போய், ஆளுக்கு ஓர் ஆபத்து எண் போடும். பூஜ்ஜியம் என்றால் சுகம். நூறு என்றால் ஆள் போய்ச் சேரப் போகிறார். எழுபதைத் தாண்டியவரைத் தேடிக் குளிர்வண்டி வந்து, ஏற்றிக்கொண்டு போய்க் குளிர்க்கூடத்தில் படுக்க வைக்கும். நல்ல ஏற்பாடுதான். ஐகோர்ட்துரை சாகிற வரைக்கும் இசக்கிராஜும் அப்படித்தான் நினைத்திருந்தான்.

ஐகோர்ட்துரை என்பது குலசாமிப் பெயர். மனிதர் எந்தக் கோர்ட்டு வாசலையும் மிதித்தவர் இல்லை, உப்பளத்தில் உப்பு வாருகிறவர். ஐம்பத்திரண்டு வயது. பங்குனி மாதம் ஒரு காலையில், பாத்தியில் பலகையை இழுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே குப்புற விழுந்தார். வண்டி வரவில்லை. ஏன் வரவில்லை என்று பார்த்தால், அந்த நேரத்தில் அவருடைய ஆபத்து எண் பதினொன்று. பதினொன்று என்பது நிழலில் உட்கார்ந்து பதநீர் குடிக்கிறவனுக்கு வரவேண்டிய எண். அலுவலகம் என்ன செய்யும்? 'பட்டையை முறையாக அணியாதது தனிநபர் கவனக்குறைவு' என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டது. செத்தவர் வந்து மறுக்கவா போகிறார்.

அவர் மனைவி சுடலைவடிவு வந்து அலுவலக நடையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு நாள் இல்லை, மூன்று நாள். உதவித்தொகை மனு எங்கே கொடுக்க வேண்டும் என்று குமாஸ்தா வழி சொன்னார், அவள் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடப் போன இசக்கிராஜ்தான் நின்று கேட்டான்.

"என்னம்மா, யாரப் பாக்கணும்?"

"எங்க வீட்டுக்காரருக்குப் பதினொண்ணு போட்டது யாருன்னு பாக்கணும்யா."

அவனுக்குச் சுருக்கென்றது. "மெஷின் போடுறதும்மா அது."

"மெஷினுக்குச் சொல்லிக் குடுத்தது ஒரு ஆளுதான?" என்றபடி அவள் மடியிலிருந்து ஒரு பட்டையை எடுத்து நீட்டினாள். பாலித்தீன் கவரை நான்கு மடிப்பாகச் சுற்றி, மேலே நூல் கட்டியிருந்தது.

"இது என்ன கவரு?"

"உப்புத்தண்ணி பட்டா தகடு அரிச்சுப்போவும்லாய்யா. கெட்டுப்போனா வேற தரமாட்டோம், பத்திரமா வச்சுக்கிடணும்னு நீங்கதான் நோட்டீசு ஒட்டியிருந்திய. அளத்துல வேல பாக்குற அம்புட்டு பேரும் இப்பிடித்தான் சுத்தியிருக்கோம்."

அதாவது, பட்டையைப் பத்திரமாக வைத்த குற்றத்துக்காக அது தோலைத் தொடவே இல்லை. தொடாத பட்டை எதையும் அனுப்பாது. இசக்கிராஜுக்கு இது புரிந்தவுடனே இன்னொன்றும் உறைத்தது. எதுவுமே வராத பட்டையை வைத்துப் பதினொன்று என்று எப்படிக் கணக்கிட முடியும்? அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டு நூற்றுப் பத்து வரியையும் படித்தான்.

முப்பத்தொன்றாம் வரியில் இருந்தது வினை.

நிரல் மொழிகளில் கறாரானவை உண்டு. ஒரு மாறியை அறிவிக்காமல், அதற்குத் தொடக்க மதிப்புத் தராமல் தொட்டால் அங்கேயே நிறுத்திச் சட்டையைப் பிடிக்கும். இசக்கிராஜ் அப்படிப்பட்ட மொழியில் எழுதவில்லை. அவன் தேர்ந்தெடுத்தது வளைந்து கொடுக்கும் சாதுவான மொழி. எதைச் சொன்னாலும் சரி சரி என்று தலையாட்டும், தப்பென்றால் வாயைத் திறக்காது. சீக்கிரம் வேலை முடிய வேண்டுமென்றால் எல்லோரும் அதில்தான் எழுதுவார்கள். நாலு வருடத்துக்கு முன் திறப்பு விழாவுக்கு மூன்று நாள் இருந்தபோது அவனும் அதில்தான் எழுதினான்.

நடைக்கு வந்தான். அவள் இன்னும் இருந்தாள். உண்மையைச் சொல்லாமல் போயிருக்கலாம். அவனால் முடியவில்லை, பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"அம்மா, ஒவ்வொரு ஆளுக்கும் எண்ணு போடுறதுக்கு நிரல்ல ஒரு பாத்திரம் மாதிரி வச்சிருக்கு. மாறின்னு சொல்லுவோம். இப்பிடி ஒரு பாத்திரம் இருக்குன்னு மொதல்ல அறிவிக்கணும். பெறவு ஆரம்பத்துல அதுக்குள்ள என்ன இருக்கணும்னு சொல்லணும். ஒரு ஆளு கணக்கு முடிஞ்சு அடுத்த ஆளுக்குப் போகும்போது கவுத்திட்டுப் புதுசா தொடங்கணும். நான் கவுக்கல. பட்டை ஏதாவது அனுப்புனா பழசு தானா அழிஞ்சிரும். எதுவுமே அனுப்பலன்னா முந்தின ஆளு எண்ணு அப்பிடியே கெடக்கும். அதத்தான் இவருக்குப் போட்டிருக்கு."

"முந்தின ஆளு யாரு?"

"ஒங்க பக்கத்து வீடு. கடைசிப் பேரு ரூபன்னு இருக்கு."

"ரூபன் ஐஸ் பேக்டரியில வேல பாக்கான்யா. உள்ள சொட்டர் போட்டுக்கிட்டுல்லா நிப்பான்," என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்போ எங்க வீட்டுக்காரருக்குன்னு ஆரம்பத்துல நீங்க என்ன போட்டு வச்சிருந்திய?"

"ஒண்ணும் போடலம்மா."

"ஒண்ணுமே போடலியா," என்று அவள் திருப்பிக் கேட்டாள். அழுதால்கூடத் தேவலை என்று அவனுக்கு இருந்தது. அவள் அழவில்லை. மூன்று நாள் காத்திருந்து கேட்க வந்ததை அப்போதுதான் கேட்டாள். "சரி, போனவரு போயிட்டாரு. எம் மவ பேராச்சி இருக்கா, இருபது வயசு. அவ அப்பா எடத்துக்கு அளத்துக்கு இப்ப அவதான் போறா. அவ பட்டையும் கவருக்குள்ளதான் கெடக்கு. அவளுக்கு ஆரம்பத்துலயே நல்லதா ஒரு நம்பரு போட்டு வச்சிருங்கய்யா."

"கவர எடுத்திரச் சொல்லுங்கம்மா."

"எடுத்தா நாலு நாளுல தகடு போயிரும். பெறவு பட்டையில்லாத ஆளுன்னு பேரையே வெட்டிருவிய. பட்டையில்லாட்டி அளத்துக்குள்ள வுட மாட்டான்."

இரண்டு பக்கமும் அடைத்துத்தான் வைத்திருந்தது அலுவலகம். இசக்கிராஜ், "நான் திருத்திருதேம்மா. இனிமே இப்பிடி நடக்காது," என்று வாக்குக் கொடுத்தான். கொடுக்கும்போது மனசாரத்தான் கொடுத்தான். அதில் சந்தேகமில்லை.

மேலதிகாரி ஞானதுரை கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் எதிர்த்துப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கலாம். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யார்ட்டயாவது சொன்னீரா?"

"அந்தம்மாட்ட சொல்லிட்டேன் சார்."

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கமாட்டீரே. சரி, ஒரு வரிதான. ஒவ்வொரு ஆளுக்கும் ஆரம்பத்துல சைபர் போட்டிரும்."

"தெரியலங்கறதும் சைபரும் ஒண்ணு இல்ல சார். சைபர்னா அந்த ஆளு நல்லா இருக்காருன்னு நாம சத்தியம் பண்ற மாதிரி. தெரியலன்னா நூறுதான் போடணும். போய்ப் பாத்துட்டு வந்தபெறவு கொறைக்கலாம்."

ஞானதுரை சிரிக்கவில்லை. "எத்தன வண்டி வே நம்மகிட்ட?"

"இருபத்தாறு."

"ஒரு நாளைக்கு எத்தன பட்டை சத்தமில்லாம கெடக்கு?"

"நாலாயிரத்துச் சொச்சம்."

"நூறு போட்டா நாலாயிரம் பேருக்கும் வண்டி போகணும். அதுல முக்காவாசிப் பேரு பட்டையக் கழட்டி அலமாரியில வச்சுட்டுக் குறட்ட விடுறவன். அவன் வீட்டுக் கதவத் தட்டிக்கிட்டு நிக்கும்போது, நெசமாவே நெஞ்சு அடைக்கிற ஆளு ஒருத்தரு செத்துப்போவாரு. அந்தப் பாவம் ஆருக்கு? ஒமக்கா, எனக்கா?"

இசக்கிராஜிடம் பதில் இருந்தது. "வண்டி வேண்டாம் சார். பத்துப் பேரு பைக்குல போயி அளத்துப் பக்கம் மட்டும் எட்டிப் பாத்தாப் போதும்."

"ஆளு கேட்டு எழுதும், நான் மேல அனுப்புதேன். பதில் வர ஆறு மாசம் ஆவும். நம்ம வேலையச் சோதிக்கிற கமிட்டி இந்த வெள்ளிக்கிழம சென்னையிலருந்து வருது. அவிய வரும்போது நிரல்ல தப்பு இருக்கக்கூடாது. சைபர் போட்டா தப்பு இல்ல. எல்லாருக்கும் ஒரே மாதிரி, ஒரே ஆரம்பம். யாரும் கேள்வி கேக்க முடியாது."

ஒரு மணி நேரம் வாதாடினான். ஆள் கேட்டு எழுதினான். பிறகு தன் அறைக்குப் போய், முப்பத்தொன்றாம் வரியை ஆளுக்கு ஆள் திரும்ப ஓடும் சுற்றுக்குள்ளே இறக்கி, 'ஆபத்து = 0' என்று அடித்தான். நாலு விநாடி வேலை. சோதித்துப் பார்த்தான். சுத்தமாக ஓடியது. பக்கத்து வீட்டு எண் யாருக்கும் ஒட்டவில்லை.

பேராச்சியின் பெயருக்கு மட்டும் தனியாக நூறு போட்டுவிடலாமா என்று அவனுக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது, விரலைக்கூட வைத்தான். ஆனால் அது முறைகேடு. ஒருத்திக்குச் செய்தால் மற்றவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? முறைகேடு செய்யாதவன் என்ற பெயர் அவனுக்கு அலுவலகத்தில் உண்டு, அதைக் காப்பாற்றிக்கொண்டான். நாலாயிரம் பேரைச் சுகமாக இருப்பதாக எழுதி வைப்பதில் மட்டும் முறைகேடு எதுவும் இல்லை. அதற்குக் கோப்பு இருக்கிறது, ஒப்புதல் இருக்கிறது, இரண்டு கையெழுத்து இருக்கிறது.

சாயங்காலம் சுடலைவடிவுக்குப் போன் செய்தான். "திருத்தியாச்சும்மா. இனிமே அடுத்தவன் நம்பரு ஒட்டாது."

"நீங்க நல்லாருக்கணும்யா. ஒங்க புள்ளகுட்டி நல்லாருக்கணும்," என்றாள் அவள். என்ன எண் போட்டீர்கள் என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை கமிட்டி வந்தது. ஐந்து பேர். குளிரூட்டிய பெரிய அறையில் சுவர் அளவுக்குத் திரை. தலைவராக வந்திருந்த அம்மாள் பெயர் மாதங்கி, ஓய்வுபெற்ற புள்ளியியல் பேராசிரியை. கெட்டிக்காரி, திருத்தக் கோப்பைப் புரட்டிவிட்டுச் சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"பழைய பிழை எங்கே இருந்தது?"

இசக்கிராஜ் எழுந்து விளக்கினான். தொடக்க மதிப்பு இல்லாததால் முந்தைய ஆளின் எண் தங்கிவிட்டது, இப்போது ஒவ்வொருவருக்கும் புதிதாகத் தொடங்குகிறது என்றான். அவர் திருப்தியாகத் தலையசைத்தார். "நேரடியா ஓட்டிக் காட்டுங்க. பிழை வந்த வார்டையே திறங்க."

ஞானதுரை ஒன்பதாம் வார்டைத் திறந்தார். உப்பளத் தெருக்கள். மணி ஒன்பது நாற்பது. வெளியே வெக்கை உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. பெயர்கள் கீழிருந்து மேலே நகர்ந்தன. ரூபன், பதினான்கு. அடுத்த வீடு. ஐகோர்ட்துரையின் பெயரை நீக்கியிருந்தார்கள். சுடலைவடிவு, எண்பத்துமூன்று, சிவப்பில்; வண்டி அனுப்பப்பட்டது. புருஷன் போனதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டாள், வீட்டில் காய்ச்சலோடு கிடந்திருப்பாள்; அளத்துக்குப் போகாததால் பட்டைக்குக் கவரும் சுற்றியிருக்க மாட்டாள். அதற்குக் கீழே பேராச்சி. நாடி, விவரம் இல்லை என்கிற கோடு. சூடு, கோடு. ஆபத்து, பூஜ்ஜியம், பச்சையில்.

காலை ஆறு மணிக்கு அளத்து வாசலில் பட்டையைப் பதிந்த பிறகு அவளிடமிருந்து எதுவுமே வரவில்லை என்று ஓரத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. இசக்கிராஜ் வாயைத் திறந்தால் போதும். 'அம்மா, அந்தப் பச்சை பொய். அந்தப் பிள்ளை உப்பளத்தில் இருக்கிறது. யாராவது போய்ப் பார்க்க வேண்டும்.' மூன்று வாக்கியம். ஞானதுரை அவனைப் பார்த்தார். மிரட்டுகிற பார்வை இல்லை, கெஞ்சுகிற பார்வை. மாதங்கி அம்மாள், "ரொம்பச் சுத்தமா இருக்கு," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

டீ வரட்டும், வெளியே போய் டிரைவருக்குப் போன் செய்துவிடலாம் என்று நினைத்தான். டீ வந்தது, ஆனால் அறைக்குள்ளேயே வந்தது. கமிட்டியில் ஒருவர் அவன் பக்கத்தில் உட்கார்ந்து நிரல் மொழியைப் பற்றிக் கேள்வி கேட்டார். அவன் பதில் சொன்னான். எழுந்து போக யாரும் அவனைத் தடுக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். எழுந்தால் ஏன் என்று கேட்பார்களே என்ற கூச்சம் மட்டும்தான் தடுத்தது. ஒரு பெண்ணின் உயிரை ஒரு மனிதனின் கூச்சம் ஐம்பது நிமிடம் பிடித்து வைத்திருந்தது.

பத்தரைக்கு நடையில் நின்று, சுடலைவடிவை ஏற்றப் போன வண்டியின் டிரைவரைக் கூப்பிட்டான்.

"அந்தம்மாவ ஏத்தி அப்பமே கொண்டுபோயி விட்டாச்சு சார்," என்றார் டிரைவர் தவசி. "ஏறும்போதே மவ அளத்துல இருக்கா, அவளையும் கூட்டிட்டு வரணும்னு ஒரே அழுகை. லிஸ்டுல பச்சையா இருக்கு, பச்சைக்கு வண்டி திருப்பினா என்னையல்லா சார் கேப்பாங்க?"

"இப்ப போங்க. நான் சொல்லுதேன், போங்க."

தவசி போனார். பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவரே கூப்பிட்டார். உப்பு அம்பாரத்தின் ஓரமாகக் கிடத்தி முகத்தில் சாக்கைப் போட்டிருக்கிறார்கள் என்றார். பிள்ளை விழுந்து அரை மணி நேரம்தான் ஆகிறதாம். பத்து மணிக்கே தலை சுற்றுகிறது என்றாளாம், அப்போதே வந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று கூட வேலை பார்க்கிறவர்கள் அவரை அடிக்க வந்தார்களாம்.

கமிட்டி சாப்பாட்டுக்குப் போயிருந்தது. இசக்கிராஜ் தன் அறைக்குப் போனான். எதற்காக அப்படிச் செய்தான் என்று அவனுக்கே தெரியாது; பழைய நிரலை, தப்பு உள்ள நிரலை எடுத்து, காலை ஒன்பது நாற்பதின் விவரத்தை அதற்குக் கொடுத்து ஓட்டினான். ஒன்பதாம் வார்டு வந்தது. சுடலைவடிவு, எண்பத்துமூன்று, வண்டி. பேராச்சி, நாடி கோடு, சூடு கோடு. ஆபத்து, எண்பத்துமூன்று, வண்டி.

பட்டியலில் அவளுக்கு முந்தின ஆள் அவள் அம்மா. திருத்தாமல் விட்டிருந்தால் அம்மாவின் எண் மகளுக்கு ஒட்டியிருக்கும். பட்டை கடைசியாகப் பதிவான இடத்துக்கு, உப்பளத்துக்கே, இன்னொரு வண்டி ஒன்பது நாற்பத்தொன்றுக்குக் கிளம்பியிருக்கும்.

குளிர்க்கூடம் அலுவலகத்துக்குப் பின்னால்தான். சுடலைவடிவு பதினேழாம் கட்டிலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சேதி அவளுக்கு வந்துவிட்டது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அழுது முடித்திருந்தாள், அல்லது இன்னும் தொடங்கவில்லை. அவன் கட்டிலருகே போய் நின்றான்.

"திருத்திட்டேன்னு சொன்னியளே. திருத்தலியாய்யா?"

'திருத்தவில்லை, மறந்துவிட்டேன்' என்று சொல்லியிருக்கலாம். அவள் வாயாரத் திட்டியிருப்பாள், அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். இன்னொருவர் தலையில் இறக்கி வைக்காமல் பாவத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க எல்லோருக்கும் தெம்பு இருப்பதில்லை. இசக்கிராஜுக்கு இல்லை. எல்லாவற்றையும் சொன்னான். பூஜ்ஜியத்தைச் சொன்னான், எண்பத்துமூன்றைச் சொன்னான், இரண்டாவது வண்டியையும் சொன்னான்.

சுடலைவடிவு ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். எல்லாம் முடிந்தபின் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்போ அந்தத் தப்ப எதுக்குய்யா திருத்தினிய?"

அதற்குள் கூடத்துப் பணிப்பெண் கையில் பலகையோடு வந்து கட்டிலருகே நின்றாள். அவளுக்கு எதுவும் தெரியாது, அவள் வேலையை அவள் பார்த்தாள்.

"அம்மா, ஒங்க நம்பரு முப்பத்தெட்டுக்கு எறங்கிட்டு. வெளிய ஆளு காத்துக்கிட்டு இருக்காங்க, கொஞ்சம் எடம் விடுங்க."

சுடலைவடிவு எழுந்து நின்றாள். போர்வையை நாலாக மடித்துக் கட்டிலின் தலைமாட்டில் வைத்துவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்து நடந்தாள்.